புலியூத்துக்கு மேலே ஏறாத கார்

போடியில் இலவம்பஞ்சு வியாபாரம் செய்த ராக்கையாவைப் பொறுத்தவரை அந்தப் பஞ்சினால் ஆகாத காரியம் கிடையாது. தலையணை, மெத்தை எல்லாரும் அறிந்தது. கதவு இடுக்கில் காற்று வந்தால் பஞ்சு. கண்ணாடிச் சாமான் வெளியூர் போனால் பஞ்சு. காதில் சீழ் வடிந்தால் பஞ்சு. அவருடைய கொட்டகையில் இலவங்காய் உடைக்கிற பெண்கள் கையை வெட்டிக்கொண்டால், காயத்தின்மேல் ஒரு பிடி இலவம்பஞ்சை அப்பித் துணியைச் சுற்றி என்னிடம் அனுப்புவார்.

இலவம்பஞ்சு எதையும் உறிஞ்சாது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். காயத்தில் வைத்தால் இரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு வழியும், இழை மட்டும் சதையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு இழையாக இடுக்கியால் பிடுங்குவது என் பாடு.

"தம்பி, பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டி அனுப்புங்க, போதும். பஞ்சு வேண்டாம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"நம்ம பஞ்சு மொதத் தரம் நர்சம்மா. ஒரு கொட்டை இருக்காது, ஒரு தூசி இருக்காது" என்பார். காயத்துக்கு மூன்றாந்தரப் பஞ்சை வைத்துவிட்டார் என்று நான் குறை சொல்வதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

என் வீடு அவருடைய கொட்டகைக்கு நேர் எதிரே. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றபின், டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஊசியைப் போடுவதும் புண்ணுக்குக் கட்டுக் கட்டுவதும் என் முன்னறையில் நடந்தது. அதனால் ராக்கையாவின் குடும்பத்தை நான் நோயின் வழியாகத்தான் அறிவேன். நோய் இல்லாத வீடுகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

ராக்கையா மார்க்கையன்கோட்டைக்காரர். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா நிலத்தை விற்றுவிட்டுப் போடிக்குக் கூட்டி வந்துவிட்டார். ராக்கையா முதலில் தோளில் மெத்தையைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார். பிறகு ஒரு கொட்டகையில் பஞ்சு அடித்தார். அதே கொட்டகையில் காய் உடைத்துக்கொண்டிருந்தவள் சண்முகத்தாய். கல்யாணத்தன்று இரண்டு பேர் தலையிலும் பஞ்சு இருந்தது, பூ எது பஞ்சு எது என்று தெரியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லை. பிறகு தோப்புகளில் மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாகக் கொட்டகை போட்டு, பஞ்சை வெளியூருக்கு அனுப்புகிற நிலைக்கு வந்தார்கள். முதலாளியம்மா ஆன பிறகும் சண்முகத்தாய் காய் உடைக்கிற பெண்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். பேச்சுத்துணை அங்கேதான்.

நாற்பதை நெருங்கும்போது அவளுக்கு இளைப்பு வந்தது. மாசியில் காய் இறங்க ஆரம்பித்தால் இருமல். பங்குனி, சித்திரையில் போடித் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும்போது படுக்க முடியாது, உட்கார்ந்தே விடியும். தேனி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னார். பஞ்சு பறக்கிற மாதங்களில் இந்த அம்மா போடியில் இருக்கக் கூடாது.

நான் சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கச் சொன்னேன்.

"தெரியாத ஊர்ல தனியாக் கெடந்து இளைக்கிறதுக்கு இங்கனயே இளைச்சுக்கிறேன்க்கா" என்றாள் சண்முகத்தாய்.

அவளுக்குப் போக இஷ்டமான இடம் ஒன்றுதான். தங்கை ஜக்கம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்தாள். குளிர்ந்த காற்று, பஞ்சு மரமே கிடையாது. ஆனால் போய்ச் சேர்வது எப்படி? பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். பீடிப் புகையும் நெரிசலும். புலியூத்து அருவிக்குப் பக்கத்தில் மூச்சு முட்டி மயங்கி விழுந்தவளை இறக்கி ரோட்டோரத்தில் உட்கார வைத்துவிட்டு பஸ் போய்விட்டது. அடுத்த வருஷம் வாடகைக் கார். கதவு இடுக்கு வழியாகத் தூசி, காலடியிலிருந்து பெட்ரோல் வாடை. மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்கூடத் தாண்டவில்லை, திருப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ராக்கையா அந்தக் காரை வாங்கினார். மலைமேல் ஏதோ வேலைக்கு வந்த வெளிநாட்டு எஞ்சினியர்கள் வேலை முடிந்ததும் விட்டுப்போனது. ஏலத்தில் எடுத்தார். எண்பத்தி ஐந்தாம் வருஷம் என்று நினைவு. நீளமான டீசல் கார், பழுப்பு நிறம். பின்னால் டர்போ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது காரின் பெயர் என்று போடி முழுக்க நம்பியது. ஸ்டீரிங் இடது பக்கம் இருந்ததால், முன்னால் போகிற லாரியைத் தாண்டும்போது எதிரே வருவது ராக்கையாவுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்த சண்முகத்தாய்தான் பார்த்துச் சொல்வாள்.

"வரலாம்... வரலாம்... ஏங்க, நில்லுங்க, லாரி! ஒங்களுக்கு அப்படி என்ன அவசரம், மேல ஏலக்காயா நட்டு வச்சிருக்கீக?"

அந்தக் காரின் கண்ணாடிகள் இறுக மூடும். உள்ளே ஏசி இருந்தது. ஒரு துளி பஞ்சு நுழையாது. இளைப்பு அதிகமான நாட்களில் அவள் கொட்டகை முற்றத்தில் நின்ற காருக்குள்ளேயே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாள். நான் கண்ணாடியைத் தட்டி, மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுப் போவேன். போடியில் அவளுக்கு மூச்சு வந்த ஒரே இடம் அதுதான்.

மலை ஏறும்போது ராக்கையா மிதித்தால் எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் சத்தம் எழும். அதோடு யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் கார் கிளம்பும். இரண்டு கோடையும் அப்படித்தான் ஏறினார்கள். இரண்டு கோடையும் அவள் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, முகம் தெளிந்து, ஆனி மாசம் இறங்கி வந்தாள்.

மூன்றாம் வருஷம் மாசியில் கார் மந்தமாயிற்று. கொட்டகை முற்றத்திலேயே நிற்கிற வண்டி. எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்புகிற டப்பாவை ராக்கையா திறந்து பார்த்தார். உள்ளே இருந்த காகித வடிகட்டியில் பஞ்சும் தூசியும் அடை அடையாக அப்பிக் கிடந்தது. தட்டிச் சுத்தம் செய்யும்போது காகிதம் கிழிந்தது. மதுரை வரை தேடினார், அந்தக் காருக்கு அது கிடைக்கவில்லை. ஏதோ செய்து மாட்டினார். அதன் பிறகு இரண்டு நாள் கார் பழையபடி நன்றாக இழுத்தது என்று சந்தோஷப்பட்டார். பிறகு மறுபடியும் மந்தம். முன்னைவிட மோசம்.

முதலில் கண்டுபிடித்தவள் சண்முகத்தாய்தான். "விசிலு வரலைங்க" என்றாள்.

போடியில் லாரி வேலை பார்க்கிற மொக்கைச்சாமியிடம் காரைக் கொண்டுபோனார்கள். நல்ல வேலைக்காரர், வாய்தான் ஓயாது. அவரிடமும் அவள் அதையே சொன்னாள்.

"விசிலு எதுக்குத்தா? இதென்ன குக்கரா?" என்றார் மொக்கைச்சாமி. "வண்டின்னா இழுக்கணும். விசிலு போலீஸ்காரன் அடிச்சுக்கிருவான்."

அவருக்குத் தெரிந்த டீசல் எஞ்சின் லாரி எஞ்சின். அந்தக் காலத்தில் நம் பக்கத்து லாரி எதிலும் டர்போ கிடையாது. லாரி இழுக்காவிட்டால் என்னென்ன பார்ப்பாரோ அதை எல்லாம் ஒழுங்காகப் பார்த்தார். டீசல் வருகிற வழியைச் சுத்தம் செய்தார். டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா என்று பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். சைலன்சரைக் கழற்றி மூங்கில் குச்சியால் குடைந்தார். காற்று டப்பாவின் மூடியையும் திறந்து பார்த்தார். "ஏர் கிளீனர் பளிச்சுன்னு இருக்கு" என்று மூடிவிட்டார். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன், சண்முகத்தாய்க்கு மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன்.

"ரெண்டு நாள்ல ரெடி பண்ணிருவேன் மொதலாளி" என்றார். பிறகும் இரண்டு நாள் என்றார்.

அடுத்து தேனியில் டீசல் பம்ப் சரி செய்கிற கடை. பம்பைக் கழற்றி மேசையில் பூட்டி ஓட்டிப் பார்த்து, டீசல் அளவைக் கூட்டி வைத்தார்கள். கார் ஊர்ந்தது, கூடவே கரும்புகை. மூச்சு விட முடியாத நோயாளிக்குக் கஞ்சியை மேலும் மேலும் ஊற்றுவதுபோல. அந்த எண்ணம் எனக்கு அப்போது வரவில்லை. காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் கவலை வேறு. பங்குனி பிறந்துவிட்டது. இலவங்காய் வண்டி வண்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க் கொட்டகையில் பஞ்சடிக்கிற கம்பு விழுகிற சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடும். கார் ஒர்க்ஷாப்பில் கிடந்ததால் சண்முகத்தாய்க்கு உட்கார இடமும் இல்லை. என் உள்ளறை ஜன்னல்களில் ஈரத் துணியைக் கட்டி அங்கே உட்கார வைத்தேன். அந்த வீட்டுத் தலையணை, மெத்தை எல்லாவற்றையும் வெளியேற்றினேன். பஞ்சு வியாபாரி வீட்டில் சேலையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

"தம்பி, மெக்கானிக் சொல்ற ரெண்டு நாளை நம்பிக்கிட்டு இருக்காதீங்க. வேற வாடகைக் கார் பாருங்க" என்றேன்.

"அந்தத் தடவ வாடகைக் கார்ல முந்தல்லயே என்ன ஆச்சுன்னு பாத்தீகல்ல நர்சம்மா? நம்ம கார்னா அவளுக்கு ஒண்ணும் செய்யாது. இன்னைக்குப் பம்ப் வந்துரும்னாக."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அப்படி ஒரு நியாயம் இருந்தது.

பம்ப் வந்து பூட்டிய மறுநாள் காலையில் கிளம்பினோம். தரையில் கார் ஒழுங்காகத்தான் போனது. சண்முகத்தாய் பின்சீட்டில், மடித்த சேலைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது பக்க முன்சீட்டில் நான். ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே வண்டி வருகிறதா என்று சொல்வது என் வேலை.

முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் ராக்கையாவின் முகம் மாறிவிட்டது. மிதிக்கிறார், சத்தம்தான் கூடுகிறது. கியரை இறக்குகிறார், மறுபடி இறக்குகிறார். பின்னால் கரும்புகை. எஞ்சினுக்குப் பாரம் குறையட்டும் என்று ஏசியை நிறுத்தினார். கண்ணாடியைத் திறந்தால் எங்கள் புகையே எங்களுக்குள் வந்தது, மூடினால் வெக்கை. சைக்கிளில் வாழைத்தார் கட்டித் தள்ளிக்கொண்டு போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"வரலாமா நர்சம்மா?" என்றார் ராக்கையா, அடுத்த வளைவைப் பார்த்து.

"யாரும் வரலை. நீங்க போனாத்தானே?" என்றேன்.

பின்னாலிருந்து சண்முகத்தாய் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை.

புலியூத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் கார் நின்றது. நின்றது மட்டுமில்லை, பின்னால் நகர ஆரம்பித்தது. ராக்கையா பிரேக்கை மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இறங்கி, ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அறுபது வயதுக்குமேல் செய்கிற வேலை இல்லை. ஆனால் வேறு யாரும் இல்லை.

அவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. கைநரம்பைத் தேடிப் பிடித்து அமினோபிலின் ஊசியை மெல்ல மெல்ல ஏற்றினேன். அதை வேகமாகப் போடக் கூடாது, இதயம் நின்றுவிடும். ராக்கையா கதவைப் பிடித்தபடி நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கால் விரல்களைத் தேய்த்துவிட்டார். அதனால் ஒரு பயனும் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மேலேயிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்கி வந்த ஜீப் ஒன்று எங்களுக்காக நின்றது. மலையாளக்கரை டிரைவர். எஞ்சினைப் பார்த்தார், புகையைப் பார்த்தார்.

"சேட்டா, இது கேறாது. திருப்பிக்கோ" என்றார். அவர் கீழே போகிறவர். எங்களை மேலே கொண்டுபோக அவராலும் முடியாது.

"மேல இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. கொஞ்சம் ஆறட்டும், ஏறிரும்" என்றார் ராக்கையா. கொஞ்சமாவது! பாதி மலைகூட ஏறவில்லை.

ஊசியின் பலத்தில் சண்முகத்தாய்க்குச் சற்றுப் பேச்சு வந்தது. "ஏங்க... எறக்கத்துல நல்லாப் போகும்ல?"

"அது போகும்."

"அப்ப அதையே செய்யுங்க. அதுக்கு முடிஞ்சதத்தான அது செய்யும்."

ஜீப்காரர் தன் வண்டியில் வந்த ஆளை வளைவில் நிறுத்தி, காரைத் திருப்பிக் கொடுத்தார். இறங்கும்போது கார் அருமையாக ஓடியது.

இதைக் கேள்விப்பட்ட மொக்கைச்சாமி, தன் வேலையில் தான் தோற்றுவிட்டதை மறைக்காமல், பெரியகுளத்துக்குப் போய் ஜேசுராஜ் என்பவரைக் கூட்டி வந்தார். ஜேசுராஜ் குவைத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் இருந்து திரும்பியவர். இந்த ஊரில் அந்த மாதிரிக் கார் இல்லாததால் மாந்தோப்புகளில் பம்ப்செட் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயில். கார் கொட்டகை முற்றத்தில் நின்றது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டு, உள்ளே சண்முகத்தாய். ஜேசுராஜ் எதையும் தொடுவதற்குமுன் ஒரு கேள்வி கேட்டார்.

"மேட்டுல மிதிச்சா விசில் மாதிரி ஒரு சத்தம் வருமே. வருதா?"

சண்முகத்தாய் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள். "மாசியிலயே நின்னுபோச்சுண்ணே. சொன்னேன். குக்கரான்னு கேட்டாக."

மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார்.

டர்போ என்பது கார் பெயர் அல்ல என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். எஞ்சின் வெளியே விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றுமாம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுமாம். மலை ஏறுகிற பலமெல்லாம் அந்தக் காற்றில். விசில் அந்த விசிறியின் சத்தம். டீசலை எவ்வளவு கூட்டினாலும் காற்று வராவிட்டால் அது புகையாகத்தான் போகும் என்றார் ஜேசுராஜ்.

எஞ்சினை நிறுத்தி, நல்ல பிள்ளையைப்போல் வரிசையாகப் பார்த்தார். காற்று போகிற ரப்பர் குழாய்களை விரலால் தடவி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். கிளிப்புகளை ஆட்டிப் பார்த்தார். எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகிற மெல்லிய குழாயைக் கழற்றி ஊதினார். எல்லாம் சரி. பிறகு காற்று டப்பாவைத் திறந்தார்.

"இதென்ன?"

உள்ளே காகித வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் கொசுவலைக் கம்பியால் இரண்டு வளையம். நடுவில் வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு.

"பஞ்சு" என்றார் ராக்கையா. "பேப்பர் கிழிஞ்சு போச்சு. நம்ம பஞ்சுதான் வச்சேன். மொதத் தரம்."

மொக்கைச்சாமி மூடியைத் திறந்து பார்த்துப் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னது இதைத்தான். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. போடிக்காரர் ஒருவருக்கு ஒரு டப்பாவுக்குள் இலவம்பஞ்சு இருப்பது விசித்திரமாகத் தோன்றாது.

"எத்தன நாளா இந்தப் பஞ்சு?" என்றார் ஜேசுராஜ்.

"இதே பஞ்சு இல்ல. அப்பப்பத் தெறந்து பாப்பேன். கொஞ்சம் கொறஞ்சிருக்கும். புதுசா நெரப்பிக்கிருவேன்."

"கொறஞ்சது எங்க போச்சுன்னு நெனச்சீக?"

"தலகாணியில கொறஞ்சா அமுங்கிருச்சுன்னுதான நெனப்போம்" என்றார் ராக்கையா.

ஜேசுராஜ் விசிறிக்குப் போகிற குழாயைக் கழற்றி, இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்த பஞ்சு, திரியைப்போல நீளமாக வந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி வந்தது. கடைசியில் கொசுவலைக் கம்பியின் துணுக்கு ஒன்று. டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். விசிறியின் இதழ்கள் எலி கடித்த மாதிரி இருந்தன. தண்டைத் தொட்டால் ஆடும் பல்லைப்போல ஆடியது. பிடுங்க வேண்டிய பல் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும்.

"கழுவிப் போட்டாச் சரியாகாதா?" என்றார் ராக்கையா.

"கழுவலாம். பேரிங் போயிருச்சேண்ணே. புதுசுதான் போடணும். இங்கன கிடைக்காது, மெட்ராஸ்லயும் கிடைக்காது. குவைத்ல ஒரு சிநேகிதன் இருக்கான், எழுதுறேன். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"ரெண்டு நாள்ல ரெடின்னு மட்டும் சொல்லிராதீக" என்றாள் சண்முகத்தாய் காருக்குள்ளிருந்து. ராக்கையா அந்தக் கறுத்த பஞ்சைக் கையில் வாங்கி, கொட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரலால் பிரித்துக்கொண்டே நின்றார்.

நோயைச் சரியாகச் சொன்னவரிடம் மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் பாதி நாள் அப்படித்தான். ஜேசுராஜ் தன்னால் முடிந்ததைச் செய்தார். விசிறியைக் கழற்றி, எண்ணெய் வழியை அடைத்து, கூட்டியிருந்த டீசலைக் குறைத்து, சாதாரண எஞ்சினாக்கிக் கொடுத்தார். டிராக்டருக்கு வருகிற வடிகட்டி ஒன்றை மாட்டினார்.

"தரையில ஓடும்ணே. மேட்டுக்கு மட்டும் கொண்டுபோயிராதீக."

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. சண்முகத்தாயின் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. தேனி டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு பலவீனமாகிவிட்டது, இனி இந்த உடம்போடு மலை ஏற்ற வேண்டாம், எந்தக் காரிலும் வேண்டாம் என்றார். இரண்டு மாதம் எந்த வழிக்காகக் காரைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தோமோ, அந்த வழி அடைபட்டது.

ஆகவே ராக்கையா தரையில் ஓட்டினார். காலையில் கொட்டகையில் கம்புச் சத்தம் ஆரம்பிக்குமுன் அவளை ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். மார்க்கையன்கோட்டைப் பக்கம் வயலுக்கு நடுவே வாய்க்கால் ஓரம் புளியமர நிழலில் காரை நிறுத்துவார். அங்கே இவர்களுக்கு வீடும் கிடையாது, உறவும் கிடையாது. இலவ மரமும் கிடையாது. கொண்டுபோன சோற்றை அங்கேயே சாப்பிடுவார்கள். சாயங்காலம் கொட்டகை ஓய்ந்தபின் திரும்புவார்கள். ஊசி போட வேண்டிய நாட்களில் நானும் போனேன்.

இரவில் போடிக்கு ஏன் திரும்புகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "காருக்குள்ள எத்தன நாள் நர்சம்மா படுப்பா? காலு இன்னும் வீங்குதே" என்றார். கால் வீங்கியது காரினால் அல்ல. ஆனால் உட்கார்ந்தே தூங்குகிறவளுக்குக் கட்டிலும் தேவை, கழிப்பறையும் தேவை. அவர் சொன்னதில் இந்தத் தடவையும் நியாயம் இருந்தது.

ஒரு நாள் திரும்பும் வழியில் மாட்டு வண்டி ஒன்று முன்னால் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டில் அன்றைக்குச் சண்முகத்தாயே இருந்தாள்.

"வரலாமா?" என்றார் ராக்கையா.

அவள் எட்டிப் பார்த்தாள். "வரலாம்... வரலாம்..." என்றாள். இரண்டு சொல்லுக்கு நடுவே மூச்சு வாங்க நேரமாயிற்று. அதற்குள் வண்டியே வாய்க்கால் பக்கம் திரும்பி வழியை விட்டுவிட்டது.

ஆனி முடிந்து கம்பம் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியபோது ஒரு மத்தியானம், என் உள்ளறையில், ஈரத் துணி கட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் இறந்தாள். தேனியிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்திருந்தது, தீரவும் இல்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம்.

மலையிலிருந்து ஜக்கம்மா பஸ்ஸில் வந்தாள். உறவுக்காரப் பெண்கள் உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தும்போது, கொட்டகையிலிருந்து ஒரு புதுத் தலையணையைக் கொண்டுவந்து தலைக்கு வைத்தார்கள். பஞ்சு முதலாளியின் மனைவி, தலையணை இல்லாமல் படுக்கலாமா என்பது அவர்கள் எண்ணம். வாசலில் நின்றிருந்த ராக்கையா உள்ளே வந்து, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, தலையணையை உருவி வெளியே எறிந்தார். தோளில் இருந்த துண்டை மடித்து வைத்தார். அந்தத் துண்டிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன்.

குவைத்திலிருந்து சாமான் எதுவும் வரவில்லை. கார் தேனி வரைக்கும் போய் வருகிறது.

அடுத்த மாசியில் காய் இறங்கியது. ராக்கையாவுக்கு வேறு தொழில் தெரியாது. காய் உடைக்கிற பெண்களுக்கு மூக்கில் கட்டிக்கொள்ள மல்துணி வாங்கிக் கொடுத்தார். அளவு பார்த்து நான்தான் தைத்தேன். கட்டினால் பேச முடியவில்லை என்று கொஞ்ச நேரத்தில் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவர் சத்தம் போட்டால் மூக்கில் ஏறும், தலை மறைந்ததும் இறங்கும். நானும் தெருவைத் தாண்டிப் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன்.

"நாள் முழுக்க வாயக் கட்டிக்கிட்டு எப்பிடிக்கா இருக்கிறது?" என்கிறார்கள்.

அதில் ஒருத்தி இந்த வருஷம் இருமுகிறாள்.